பருமன் வேறு, தூக்குதிறன் வேறு: பெரிய உடல்வாகு உள்ளவர்கள் பிசிடி தேர்ந்தெடுக்கும் முறை

ஏற்காட்டில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. அவருடைய உயரம் 168 செ.மீ., எடை 118 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 48 அங்குலம். புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சியை முடித்திருக்கிறார். அங்கே வாடகைக்குக் கொடுத்த, காற்றேற்றி மிதக்கவைக்கும் எக்ஸ்எல் அங்கி (ஜாக்கெட் வகை பிசிடி), நீர்ப்பரப்பில் காற்றை ஏற்றியவுடன் வயிற்றை நெருக்கி மூச்சு முட்டச் செய்ததோடு, தோளைவிட்டு மேலேறிக் காதுவரை வந்துவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தபோது, "உங்கள் உடம்புக்கு 3எக்ஸ்எல் தான், அதிலும் தூக்குதிறன் மிக அதிகமானது தான் சரிப்படும்" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். அது சரிதானா, ஜாக்கெட் வாங்குவதா விங் (முதுகில் மட்டும் காற்றுப்பை உள்ள வகை) வாங்குவதா, ஏறத்தாழ அதே எடையுள்ள தம் மனைவிக்கும் அதையே வாங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

விற்பவர் சொன்னதில் தொடர்பில்லாத இரண்டு செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிசிடி எனப்படும் மிதவைக் கட்டுப்பாட்டு அங்கி உடம்பில் எப்படிப் பொருந்துகிறது என்பது ஒன்று. அதன் காற்றுப்பை எத்தனை கிலோவைத் தண்ணீரில் தாங்கும் என்பது, அதாவது தூக்குதிறன், மற்றொன்று. உடல் பெரிதானால் முதலாவது கட்டாயம் மாறும். இரண்டாவது, பலர் நினைக்கும் அளவுக்கு மாறுவதில்லை. ஜாக்கெட் தயாரிப்பவர்கள் அளவு கூடக் கூடக் காற்றுப்பையையும் பெரிதாக்கிக்கொண்டே போவதால், இரண்டும் ஒன்று என்ற எண்ணம் கடைகளிலும் டைவ் மையங்களிலும் வேரூன்றிவிட்டது.

நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, கடல்நீரின் அடர்த்தி 1.025. தேங்காய் எண்ணெய் நீரில் மிதப்பதும் கொழுப்பு மிகுந்த உடல் மிதப்பதும் ஒரே காரணத்தால்தான். இந்த எண்களைக் கொண்டு கணக்கிட்டால், ஒருவர் உடலில் கூடுதலாக 30 கிலோ கொழுப்பு இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அது இடம்பெயர்க்கும் கடல்நீரின் எடை 34 கிலோவைச் சற்றே தாண்டும்; அதாவது அந்த 30 கிலோவை ஈடுகட்டத் தேவைப்படும் ஈயம் 4 கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இதைவிட முக்கியமானது, கொழுப்பு ஆழத்தில் நசுங்குவதில்லை. 5 மீட்டரில் அது தரும் மிதப்பும் 25 மீட்டரில் தரும் மிதப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இடுப்பில் கட்டிய அந்த 4 கிலோ ஈயம், நீருக்குள் இறங்கியதிலிருந்து வெளியேறும்வரை கொழுப்பின் மிதப்பைத் துல்லியமாகச் சமன்செய்துகொண்டே இருக்கும். நீருக்குள் இருக்கும்வரை பிசிடிக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

அப்படியானால் பிசிடிக்கு உள்ள வேலை எது? நீரில் இருக்கும்போது எவையெல்லாம் மாறுகின்றனவோ அவற்றை ஈடுகட்டுவது. மாறுபவை இரண்டு. முதலாவது, சிலிண்டரில் உள்ள காற்றின் எடை. நம் நாட்டு டைவ் மையங்களில் பெரும்பாலும் புழங்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் முழுதாக நிரப்பிய காற்று சுமார் 2.7 கிலோ எடையிருக்கும். தொடக்கத்தில் அந்த எடையைச் சுமந்துகொண்டு இறங்குகிறோம், முடிவில் அதில் பெரும்பகுதி இருப்பதில்லை. இரண்டாவது, வெட்சூட் எனப்படும் நியோப்ரீன் ரப்பர் உடை. நியோப்ரீனுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள் 10 மீட்டர் ஆழத்தில் பாதியாகவும் 30 மீட்டரில் நான்கில் ஒரு பங்காகவும் சுருங்கிவிடுவதால், மேலே நம்மை மிதக்கவைத்த உடை கீழே போகப் போகத் தன் மிதப்பை இழக்கிறது. பெரிய உடலுக்குப் பெரிய வெட்சூட் தேவைப்படுவதால் இந்த இழப்பும் ஓரளவு கூடும் என்பது உண்மை. ஆனால் புதுச்சேரியிலோ அந்தமானிலோ 27 முதல் 30 டிகிரி வரை வெப்பமுள்ள நீரில் 3 மி.மீ. உடையே தாராளமாகப் போதும்; உடலில் கொழுப்பு உள்ளவர்களுக்குக் குளிரும் எளிதில் தெரியாது. பலர் லைக்ரா உடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லைக்ராவுக்கு மிதப்பு கிடையாது, இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

உங்கள் வெட்சூட்டின் மிதப்பை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உடையை நன்றாக நனைத்து, உள்ளே சிக்கிய காற்றைப் பிழிந்து வெளியேற்றி, வலைப்பையில் சுருட்டிப் போட்டு, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் விட்டு, அது மூழ்கும்வரை ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மூழ்கும்போது பையில் உள்ள ஈயத்தின் எடைதான், சிறு வித்தியாசத்துடன், அந்த உடையின் மிதப்பு. அது 3 கிலோ என்று வந்தால், அத்தனையும் ஆழத்தில் போய்விடுவதாகவே எடுத்துக்கொண்டாலும், காற்றின் 2.7 கிலோவையும் சேர்த்து நீருக்கடியில் பிசிடி ஈடுகட்ட வேண்டியது 6 கிலோவுக்கும் குறைவே.

நீர்ப்பரப்பில் கணக்கு வேறு. அங்கே தலை நீருக்கு வெளியே இருக்க வேண்டும். தலையின் எடை 5 கிலோ அளவுக்குக் கூடுதலாகத் தாங்கப்பட வேண்டும். இதைவிடப் பெரிய தேவை ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் கழற்றிவிட்ட பிறகு அந்தக் கருவித் தொகுதி தானாகவே மிதக்க வேண்டும். பெரிய உடல்வாகு உள்ளவர்கள் சிறிய ஃபைபர் படகில் ஏறும்போது, முதுகில் சிலிண்டரோடு ஏணியில் ஏறுவதைவிட, நீரிலேயே அங்கியைக் கழற்றிப் படகில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு ஏறுவதே நல்லது; முழங்காலுக்கும் அதுதான் நல்லது. அப்போது முழுச் சிலிண்டர் நீரில் முக்கால் கிலோ, சுவாசிக்க உதவும் ரெகுலேட்டர் 1 கிலோ, முதுகில் எஃகுத் தகடு இருந்தால் 2.3 கிலோ, அதன் பைகளில் உள்ள ஈயம் 7 கிலோ என்று வைத்தால், மொத்தம் 11 கிலோவைக் காற்றுப்பை தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவையான தூக்குதிறனைத் தீர்மானிப்பது இந்த 11 கிலோதானே தவிர உங்களுடைய 118 கிலோ அல்ல. சற்றுக் கூடுதல் சேர்த்து 14 முதல் 16 கிலோ இருந்தால் போதும். அங்கியின் முத்திரையில் இது நியூட்டனிலோ பவுண்டிலோ அச்சிடப்பட்டிருக்கும்: 10 நியூட்டன் சுமார் 1 கிலோ, 2.2 பவுண்டு 1 கிலோ. ஆகவே 140 முதல் 160 நியூட்டன், அல்லது 30 முதல் 35 பவுண்டு என்று பார்த்து வாங்குங்கள். ஈயத்தில் ஒரு பகுதியை இடுப்புப் பெல்ட்டுக்கு மாற்றினால் இந்தத் தேவை இன்னும் குறையும்.

"அதிகமாக இருந்தால் என்ன கெடுதல்?" என்று கேட்கத் தோன்றும். ஒற்றைச் சிலிண்டருக்கு 25 கிலோ தூக்கும் காற்றுப்பையை மாட்டினால், பாதி காலியாகக் கிடக்கும் அந்தப் பை சிலிண்டரின் இருபுறமும் மேல்நோக்கி மடிந்துகொள்ளும். மடிப்புக்குள் காற்று சிக்கி, வால்வைத் திறந்தாலும் வெளியேறாமல் நிற்கும். நீந்தும்போது நீரின் இழுப்பும் கூடும். மேலேறும் வேளையில் வெளியேற மறுக்கும் காற்று ஆபத்தானது.

பொருத்தம் பற்றித்தான் உண்மையில் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாக்கெட் வகையில் காற்றுப்பை முதுகிலிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம்வரை வரும். காற்று ஏறும்போது பை உள்நோக்கியும் உப்பும். மெலிந்தவருக்கு அங்கே இடம் இருக்கும். வயிறு ஏற்கெனவே அங்கியின் இடுப்புக் கச்சையை நிறைத்திருப்பவருக்கு இடம் இல்லாததால், பை விலாவையும் உதரவிதானத்தையும் அழுத்துகிறது. அலையில் தத்தளித்துக்கொண்டு மூச்சு வாங்கும் நேரத்தில் இந்த அழுத்தம் மனத்தையும் கலங்கடிக்கும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான். 3எக்ஸ்எல் ஜாக்கெட் அதைக் குறைக்குமே ஒழியப் போக்காது. அதோடு புதிய தொல்லையையும் கொண்டுவரும். 3எக்ஸ்எல் என்பது பெரும்பாலும் ஆறடிக்கு மேல் உயரமுள்ளவரை மனத்தில் வைத்து வெட்டப்படுவது. 168 செ.மீ. உயரமுள்ளவர் அதை அணிந்தால் கீழ்விளிம்பு இடுப்பைத் தாண்டித் தொங்கும், தோள்பட்டைகள் முழுதும் இறுக்கிய பிறகும் தளர்ந்தே இருக்கும், சிலிண்டர் முதுகில் இடவலமாக உருளும்.

முதுகுப்புறம் மட்டும் காற்றேறும் வகை இதற்கு நல்ல மாற்று. அது மார்பையும் வயிற்றையும் நெருக்காது. நீருக்குள் உடலைக் கிடைநிலையில் வைப்பதும் எளிது. நீர்ப்பரப்பில் முகத்தை முன்னால் தள்ளுகிறது என்று இதன்மேல் ஒரு குறை சொல்வார்கள். அது உண்மையே என்றாலும், தேவைக்கு மேல் காற்றை ஏற்றுவதும், ஈயம் முழுவதையும் வயிற்றுக்கு முன்னால் தொங்கவிடுவதும்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். 2 கிலோவைச் சிலிண்டர்ப் பட்டையில் உள்ள சிறு பைகளுக்கு மாற்றி, காற்றைக் கழுத்து வெளியே வரும் அளவோடு நிறுத்தி, சற்றே மல்லாந்து சாய்ந்தால் முகம் முன்னால் கவிழாது. எந்த பிசிடியும் மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் உயிர்காப்பு அங்கி அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதுகுக் காற்றுப்பை வகையிலும் என் பரிந்துரை பேக்பிளேட்டும் விங்கும் தனித்தனியாக உள்ள அமைப்புதான். காரணம் எளிது: அதற்கு எக்ஸ்எல், 3எக்ஸ்எல் என்ற அளவே கிடையாது. ஒரு தகடு, அதன் வழியே கோத்த 5 செ.மீ. அகல நாடா, பின்னால் மாட்டிய காற்றுப்பை. நாடா உங்கள் தோளுக்கும் வயிற்றுக்கும் ஏற்ற நீளத்தில் வெட்டப்படுகிறது. பத்து கிலோ குறைந்தாலும் கூடினாலும் நாடாவை மட்டும் சரிசெய்தால் போதும். கடையில் சுருட்டி வரும் நாடா 48 அங்குல வயிற்றுக்குச் சில வேளை போதாமல் போகும். மீட்டர் கணக்கில் நீளமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். வயிறு முன்தள்ளியவர்களுக்கு இடுப்புப் பட்டை வயிற்றின் மேல்பாதியைக் கடக்கக் கூடாது. தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டிப் போக வேண்டும். அது அங்கேயே நிற்க வேண்டுமானால், கால்களுக்கு நடுவே செல்லும் கவட்டுப் பட்டை தேவை. அங்கி காதுவரை ஏறிய உங்கள் தொல்லைக்கு மருந்து இந்த ஒரு பட்டைதான். ஜாக்கெட்டிலும்கூட அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ஈயப் பெல்ட் அணிவதாக இருந்தால், கவட்டுப் பட்டையை மாட்டிய பிறகு அதன் மேலாகத்தான் பெல்ட்டைக் கட்ட வேண்டும். பட்டைக்கு உள்ளே பெல்ட் மாட்டிக்கொண்டால், ஆபத்தில் அவிழ்த்துவிட்டாலும் அது விழாமல் கவட்டில் தொங்கும்.

இடையில் பக்கிள் இல்லாத ஒற்றை நாடாவின் குறை தோளில் தெரியும். தோள்மூட்டு இறுகியவர்களும் புஜம் பருத்தவர்களும் அதற்குள் கையை நுழைத்துக் கழற்றுவதற்குச் சிரமப்படுவார்கள். ஒற்றை நாடாவே சரி என்னும் தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இடது தோளில் ஒரு பக்கிள் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு உள்ள ஒரு வசதியையும் குறிப்பிட வேண்டும். பேக்பிளேட் என்பது 3 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வெட்டி, நடுவில் நீளவாக்கில் வளைத்து, நாடாவுக்குத் துளைகள் இட்டது மட்டுமே. இரும்பு உருக்காலையின் பெயரால் அறியப்படும் ஊரில் இந்த வேலையைச் செய்துதரப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 316 ரகத் தகட்டைக் கேளுங்கள். சமையலறைப் பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகம் உப்புநீரில் விரைவில் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். விங்கை இணைக்கும் இரண்டு போல்ட் துளைகளின் மையங்களுக்கு இடையே 11 அங்குலம் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒரே அளவு. நாடா செல்லும் துளைகளின் விளிம்பை விரலால் தடவினால் வழுக்கும் அளவுக்கு அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது நாடாவை மெல்ல மெல்ல அறுக்கும். இரண்டரைக் கிலோ அளவுள்ள அந்தத் தகடு, உங்கள் ஈயத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைத்து, அந்த எடையை நுரையீரலுக்கு நேர் மேலே, இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடும். ஆனால் உள்ளூரில் செய்துகொள்வதைத் தகட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றுப்பை, அதில் காற்றை ஏற்றும் இன்ஃப்ளேட்டர், வால்வு ஆகியவற்றை அறியப்பட்ட நிறுவனத்திடமிருந்தே வாங்க வேண்டும். அந்தமானுக்கு விமானத்தில் போகும் எண்ணம் இருந்தால், உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாகக் கிடைக்கும் 15 கிலோ மூட்டை வரம்பில் எஃகுத் தகடு ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். அந்தப் பயணத்துக்கு அலுமினியத் தகடு வைத்துக்கொள்வோர் உண்டு.

ஜாக்கெட்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், அல்லது வாடகைக்கு எடுக்க நேர்ந்தால், வெட்சூட் அணிந்தபடியே போட்டுப் பார்த்து, இன்ஃப்ளேட்டரை அழுத்தி, மிகைக்காற்று வால்வு சீறும்வரை காற்றை நிரப்புங்கள். அந்த நிலையில் ஆழமாக மூச்சிழுக்க முடிகிறதா என்பதே முதல் தேர்வு. கச்சையின் வெல்க்ரோ குறைந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் நீரில் பிரிந்துவிடும். கச்சைக்கு நீட்டிப்புத் துண்டுகள் கிடைக்கின்றன. வெல்க்ரோ துண்டை நம் ஊர்ப் பை தைப்பவரே தைத்துத் தருவார், ஆனால் சிலிண்டரின் சுமையைத் தாங்கும் பட்டைகளில் அவர் கைவைக்க வேண்டாம். பிறகு இடது கையால் இன்ஃப்ளேட்டரையும், வலது கையால் வலத்தோள் வால்வையும், பின்புறம் இடுப்பருகே உள்ள வால்வின் கயிற்றையும் பார்க்காமல் எட்டிப் பிடித்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்த அங்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல.

ஈயத்தைப் பற்றி. பருத்த உடலைப் பார்த்தவுடன் 14 கிலோவை எடுத்து மாட்டிவிடும் வழக்கம் பல படகுகளில் இருக்கிறது. மிகையாக ஏற்றிய ஒவ்வொரு கிலோவுக்கும் பிசிடியில் ஒரு லிட்டர் காற்றைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் விரிந்து சுருங்கி உங்களை மேலும் கீழும் ஆட்டும். சரியான அளவை இப்படிப் பாருங்கள்: சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் மீதமிருக்கும்போது, பிசிடியைக் காலிசெய்து, இயல்பான மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் நீர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். முழுச் சிலிண்டரோடு சோதித்தால் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். சேலத்து நீச்சல் குளத்தில் சோதித்துவிட்டுக் கடலுக்குப் போவதாக இருந்தால் மறக்கக் கூடாத திருத்தம் ஒன்று உண்டு: கடல்நீர் இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. உடலும் கருவிகளும் சேர்ந்து உங்களுக்கு 140 கிலோவுக்கு மேல் வருவதால், கடலில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ கூடுதல் ஈயம் தேவைப்படும். 70 கிலோ நண்பருக்குச் சொல்லப்பட்ட 2 கிலோ உங்களுக்குப் பொருந்தாது. மொத்த ஈயத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஆழத்தில் காற்றுப்பை கிழிந்துவிட்டால் கழற்றி எறிய 4 அல்லது 5 கிலோ முன்பைகளில் இருக்கட்டும், மீதியைப் பின்புறம் நிலையாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உதிர்த்தால் கட்டுப்பாடின்றி மேலே பாய நேரிடும்.

உங்கள் மனைவிக்கு அதே அளவை வாங்க வேண்டாம். எடை ஒன்றாக இருந்தாலும் அது உடலில் அமரும் இடம் வேறு. ஆண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றிலும் பெண்களுக்குப் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் சேர்கிறது. ஆகவே உங்களிடம் வழுக்கி இறங்கும் ஈயப் பெல்ட் அவரிடம் அசையாமல் நிற்கக்கூடும். அவருக்குக் கவனிக்க வேண்டியது தோளிலிருந்து இடுப்புவரையிலான நீளம், மார்பை நசுக்காமல் அதன் மேலாகவோ கீழாகவோ செல்லும் மார்புப் பட்டை, வெளிப்புறமாக வளைந்து செல்லும் தோள்பட்டை ஆகிய மூன்றும். பேக்பிளேட் என்றால் உயரம் குறைந்த தகட்டைக் கேளுங்கள். நீளமான தகடு பின்கழுத்தில் இடிக்கும்.

வாங்கிய பிறகு ஏற்காட்டின் ஈரப்பதம் உங்களுக்கு எதிரி. காற்றுப்பைக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, வால்வு வழியே வடித்து, பாதி காற்றோடு நிழலில் தொங்கவிடுங்கள்; பனிமூட்ட நாட்களில் மடித்து வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சீக்கிரம் காயட்டும் என்று கீழே சேலத்து வெயிலில் போடுவதும் தவறு, நைலானும் பாலியூரித்தேனும் வெயிலில் நலியும். கருவியோடு தொடர்பில்லாத ஒன்றையும் உங்கள் முகவரியைக் கருதிச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டைவ் முடித்த அன்றே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வீட்டுக்குப் போவது விமானத்தில் பறப்பதற்கு ஒப்பானது. ஒரு டைவ் மட்டும் செய்திருந்தால் 12 மணி நேரமும், பல டைவ்கள் செய்திருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது விமானப் பயணத்துக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. புதுச்சேரியிலிருந்து ஆத்தூர் வழியாக மாலையில் சேலம் வந்து சேர்ந்தால், இரவைக் கீழேயே கழித்துவிட்டு மறுநாள் மலையேறுங்கள்.